ஓடு மட்காது, மற்றவை மட்கும்: ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பின்னால் இழுத்துச்சென்று உள்ளே தங்கும் ஃபைபர்கிளாஸ் பயண டிரெய்லரை விற்பவர் எவரும் தவறாமல் சொல்வது, "இது ஒழுகாது, மட்காது" என்பதுதான். அதில் பாதி உண்மை. மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திச் செய்யப்படும் வண்டிகளில் கூரையும் சுவரும் சேரும் ஒவ்வொரு மூலையும் ஓர் இணைப்பு. அவை ஒவ்வொன்றும் என்றாவது ஒருநாள் தண்ணீருக்கு வழிவிடும். ஃபைபர்கிளாஸ் வண்டியில் பெரும்பாலும் மேல் பாதி ஒரே வார்ப்பு, கீழ்ப் பாதி ஒரே வார்ப்பு, இரண்டும் இடுப்பளவில் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. இந்த வெளிக்கூடுதான் ஓடு. கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 1968-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த போலர் என்னும் 13 அடி வண்டிகளில் பல இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவர் அதற்கு முன்பு ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர். மண்ணுக்குள் புதைத்தாலும் கெடாத பொருளை வண்டியாக்கியதால் ஓடு இத்தனை காலம் நிற்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஓட்டுக்குள் இருப்பது மரத்தரை, அதைத் தாங்குவது இரும்புச் சட்டம், அதற்கும் கீழே இருப்பது ரப்பர். ஓட்டின் ஆயுளை இவற்றுக்கும் சேர்த்து நம்பிவிடுவதுதான் மூலத்தவறு. நான் பார்த்தவரை, கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அதன் கிளைகளே.

முதலில் ஒழுகலைப் பார்ப்போம். ஓடு ஒழுகுவதில்லை, ஓட்டில் நாம் போட்ட ஓட்டை ஒழுகும். சன்னல்கள், கூரையின் காற்றுப்போக்கி, வெளிவிளக்குகள் எல்லாம் ஓட்டையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இவை போதாதென்று, பழைய போலர், ஸ்கேம்ப் போன்ற பல வண்டிகளில் உள்ளே தொங்கும் அலமாரிகள் அனைத்தும் ஓட்டின் வழியாக ஊடுருவிச் செல்லும் அலுமினிய ரிவெட்டுகளால் பிடிக்கப்பட்டவை. வெளியே அவற்றின் மேல் சிறிய பிளாஸ்டிக் மூடிகள் இருப்பதால், வண்டியைச் சுற்றிவரும் புதிய உரிமையாளர் அவற்றை அலங்காரம் என்றே நினைத்துக்கொள்கிறார்.

தண்ணீர் சொட்டும் இடத்தையே ஓட்டை இருக்கும் இடமாக எடுத்துக்கொள்வது இங்கே எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். பின்புறப் படுக்கையின் மூலை ஒவ்வொரு மழைக்கும் நனைந்தது. பின் சன்னலைக் கழற்றி மறுபடி ஒட்டினேன். அடுத்த மழையில் மீண்டும் நனைந்ததால் இரண்டாம் முறையும் ஒட்டினேன். பிறகு ஒருவர் சொல்லக் கேட்டு, எல்லாச் சன்னல்களையும் மூடி, ஒரே ஒரு சன்னலில் அட்டையை வெட்டிப் பொருத்தி, அதன் வழியாக ஒரு மின்விசிறியை உள்நோக்கி வீசவைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு, வெளியே ஏணியில் ஏறிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தேன். பின் சன்னலில் ஒரு குமிழ்கூட வரவில்லை. ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, கூரைக் காற்றுப்போக்கியின் அருகே இருந்த ஒற்றை ரிவெட்டின் மூடிக்கடியில் மணி மணியாக நுரை எழும்பியது. அங்கே புகுந்த தண்ணீர் ஓட்டுக்கும் உள்விரிப்புக்கும் இடையே வளைவைப் பின்பற்றி இறங்கி, தாழ்வான மூலையில் வந்து வெளிப்பட்டிருக்கிறது. ரிவெட்டை மாற்ற ஆன நேரம் பத்து நிமிடம்.

ஓட்டை எங்கே என்று தெரிந்தபின் செய்யப்படும் தவறு இன்னும் மோசமானது. கையில் கிடைத்த சிலிக்கான் பசைக் குழாயை எடுத்துப் பூசிவிடுகிறார்கள். சிலிக்கான் சில காலம் நீரைத் தடுக்கத்தான் செய்யும். ஆனால் அது விளிம்பில் விட்டுப்போகும் நாளில், துடைத்தாலும் எளிதில் போகாத ஒரு வழவழப்பான படலத்தை ஓட்டின்மேல் விட்டுச் செல்லும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது, ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு பிடிக்காது, வேறு எந்தப் பசையும் பிடிக்காது, புதிய சிலிக்கானேகூடச் சரியாகப் பிடிக்காது. பழைய வண்டி வாங்குவோர் சன்னல் ஓரங்களில் பளபளப்பான ரப்பர் கோடு ஒன்றைக் கண்டால், அதைச் சுரண்டி எடுக்க ஆகும் வார இறுதிகளையும் விலையோடு சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். சன்னலுக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப். அது மெதுவாகப் பிதுங்கும் பொருள் என்பதால் திருகுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக இறுக்கி, பிதுங்கி வந்ததைப் பிளாஸ்டிக் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும்.

சன்னல் சட்டத்தின் அடிப்பகுதியில் வெளிப்பக்கமாக இருக்கும் சிறு துளைகளை ஒழுகல் என்று நினைத்து அடைத்துவிடுவோரும் உண்டு. அவை சன்னல் ஓடும் பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வெளியேறுவதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றை அடைத்தால் பள்ளம் நிரம்பி நீர் உள்ளே வழியும். பிறகு "சன்னலை அடைத்தும் ஒழுகுகிறது" என்ற புலம்பல் தொடங்கும்.

இப்படி உள்ளே வந்த நீரெல்லாம் கடைசியில் தரையில்தான் சேருகிறது. தரை ஒட்டுப்பலகை அல்லது மரச்சிம்புப் பலகையால் ஆனது. மேலே ரெசின் பூசியிருந்தாலும், திருகு இறங்கிய இடமெல்லாம் பலகையின் உள்மரம் திறந்தே இருக்கும். தரைவிரிப்பின் மேல் நடந்து பார்த்து "உறுதியாக இருக்கிறது" என்று முடிவுக்கு வருவது போதாது. இருக்கைப் பெட்டிகளின் மூடியைத் தூக்கி, ஓட்டோடு தரை சேரும் விளிம்பில், குறிப்பாகப் பின் மூலைகளிலும் கதவின் படியருகிலும், கூரிய ஸ்குரூடிரைவரை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல பலகை கையை எதிர்த்துத் தள்ளும். மட்கிய பலகை ஊறிய ரொட்டிபோல் முனையை விழுங்கும்.

அடுத்த தவறு ஆர்வமிக்கவர்கள் செய்வது. பழைய வண்டியை வாங்கிய கையோடு, இடம் விசாலமாகட்டும் என்று உட்புற அலமாரிகளையும் உடை அலமாரியையும் பிய்த்து எடுத்துவிடுகிறார்கள். முட்டை ஓட்டைப் போன்ற இந்த உடலில், தரையிலிருந்து கூரைவரை நிற்கும் அந்த அலமாரி தூணாகவும் வேலை செய்கிறது. அதை நீக்கினால் கூரை மெல்லத் தாழும், பக்கங்கள் வெளியே சாயும், கதவு சட்டத்தோடு பொருந்தாமல் மேல்முனையில் இடைவெளி விழும். வளைந்த கதவை மறுபடி பொருத்துவதைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை இவ்வண்டியில் வேறில்லை. அலமாரியை எடுத்தே தீரவேண்டும் என்றால், எடுப்பதற்கு முன்பே கூரையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் இடத்தில் நிற்கப்போகும் தாங்குதலையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

புதிதாக எதையேனும் மாட்டும்போதும் ஓடு மரமல்ல என்பதை மறந்துவிடுகிறோம். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓட்டில் நேரடியாக இறக்கிய திருகு, சாலை அதிர்வில் சில பயணங்களிலேயே பிடுங்கிக்கொண்டு வரும். பின்பக்கம் பட்டையோ பலகையோ வைத்துப் போல்ட் போடுவதே சரி. துளையிடும்போது முதலில் துரப்பணத்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டு ஜெல்கோட்டைக் கடந்துவிட்டுப் பிறகு முன்னோக்கிச் சுழலவிட்டால் ஓரம் சிதறாது. துளையின் விளிம்பைச் சற்றுச் சரிவாக்கிவிட்டால், போல்டை இறுக்கும்போது சிலந்திவலைபோல் வெடிப்பு ஓடுவதும் குறையும்.

வெளிப்பூச்சான ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெயிலில் அது மங்கிச் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டத் தொடங்கியதும், பலர் மெருகேற்றும் எந்திரத்தை எடுத்துக் கரடுமுரடான காம்பவுண்டைத் தேய்க்கிறார்கள். பளபளப்பு வரும், ஆண்டுதோறும் அப்படியே செய்தால் ஒருநாள் ஜெல்கோட் தீர்ந்து கீழே இழைகள் தெரியும். தேய்ப்பது ஒருமுறை, மெழுகு பூசுவது ஆண்டுக்கு இருமுறை என்பதே சிக்கனமான வழி. மெழுகு பூசச் சோம்பல்பட்டு வண்டியைத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டுவோர், காற்றில் அடித்துக்கொள்ளும் தார்ப்பாய் ஓட்டின் மேற்பரப்பைத் தேய்ப்பதையும் அடியில் ஈரம் தங்குவதையும் கணக்கில் எடுப்பதில்லை.

ஓட்டில் ஓட்டையே இல்லாத வண்டியும் உள்ளே நனையும். அது மழையல்ல, மூச்சு. குளிர்ந்த இரவில் இருவர் உறங்கும் சிறு அறையில், விடியும்போது சன்னல் ஓரத்திலும் மெத்தையின் அடியிலும் நீர் கோத்திருக்கும். அதை ஒழுகல் என்று கருதிப் பசை தேடி ஓடுவது ஒரு தவறு. குளிருக்குப் பயந்து காற்றுப்போக்கியை முற்றிலும் மூடிவிட்டு, சூட்டுக்காக அடுப்பைப் பற்றவைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளிப்படுகிறது. புகைபோக்கி இல்லாத அடுப்பாக இருந்தால் அது முழுவதும் அறைக்குள்ளேயே தங்கும். அதோடு கார்பன் மோனாக்சைடு சேர்வது உயிருக்கே ஆபத்து. கூரைப் போக்கியை இரண்டு விரல் அளவும், எதிர்ப்பக்கச் சன்னலைச் சிறிதும் திறந்துவைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மெத்தைக்கடியில் காற்றுப் புகுமாறு சட்டப்பலகை வைப்பதும் பயன் தரும்.

இனி, யாரும் குனிந்து பார்க்காத பகுதி. ஓடு பளபளக்கும் வண்டியின் இரும்புச் சட்டம், காரோடு இணையும் இழுவை முனைக்காக வளைந்து உடலுக்கு அடியில் நுழையும் இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். பழைய வண்டிகளில் இது அடிக்கடி காணப்படுவது. டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு படுத்து, துருவின் மேல் மெல்லிய கருங்கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்து விற்கப்பட்ட வண்டி ஒன்றை வாங்க நானே கை நீட்டியிருக்கிறேன். உடன் வந்த நண்பர் முட்டிபோட்டுப் பார்த்ததால் தப்பினேன்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் பட்டைவில் கிடையாது. சதுரக் குழாய்க்குள் ரப்பர் உருளைகளை அடைத்த டார்ஷன் ஆக்ஸில்தான். ரப்பர் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெட்டிப்படும். "முப்பது வருடம் கொட்டகையில் நின்ற வண்டி, குறைவாகவே ஓடியது" என்பது இங்கே நற்சான்று ஆகாது. ஒரு பக்கச் சட்டத்தை ஜாக்கியால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: உயிருள்ள ஆக்ஸிலில் உடல் சற்று எழுந்த பிறகே சக்கரம் தரையை விடும், கெட்டிப்பட்டதில் உடலும் சக்கரமும் ஒன்றாகவே எழும். அப்படிப்பட்ட ஆக்ஸிலை மாற்ற வேண்டும், பழுதுபார்க்க முடியாது. தூக்கும்போது ஜாக்கியை ஆக்ஸில் குழாயின் நடுவிலோ ஃபைபர்கிளாஸ் அடிப்பாகத்திலோ கொடுக்காமல், ஆக்ஸில் பொருத்தப்பட்ட இடத்தையொட்டிய இரும்புச் சட்டத்தில் கொடுப்பது முக்கியம். மூலைகளில் உள்ள நிலைநிறுத்தும் கால்கள் ஆட்டத்தைக் குறைக்க மட்டுமே. வண்டியைத் தூக்க அல்ல.

சக்கர பேரிங்குகளை 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும் என்பது ஆக்ஸில் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் அளவு. முனையில் கிரீஸ் நிப்பிள் உள்ள ஆக்ஸில்களில், சக்கரத்தைச் சுழற்றாமல் வேகமாக அழுத்தினால் பின்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் முழுவதும் பிரேக் லைனிங்கில் போய் விழும். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைல்களில் நின்று நட்டுகளைச் சரிபார்ப்பதையும் பலர் செய்வதில்லை. டயரைப் பொறுத்தவரை தேய்மானத்தைப் பார்க்காமல் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் தயாரிப்புக் காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்.

எடை குறைந்த வண்டிதானே என்று ஏற்றுவதில் அலட்சியம் காட்டுவது ஆபத்தானது. நிறைசுமையோடு உள்ள மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுவை முனையில் அழுந்த வேண்டும். 1,200 கிலோ வண்டிக்கு 120 முதல் 180 கிலோ. சைக்கிள்களைப் பின்னால் தொங்கவிட்டு, பின்புறப் பெட்டியில் கருவிகளை நிறைத்தால் முனை லேசாகி, நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்கு முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்று தெரிந்துகொள்ளாமல் அதை நிரப்புவதும் இதே கணக்கைக் கெடுக்கும். எடையை ஊகிக்காமல் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே நல்லது.

காரின் பின்னால் உள்ள இழுவைக் குண்டின் அளவு இன்னொன்று. 1⅞ அங்குலக் குண்டும் 2 அங்குலக் குண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு மூன்று மில்லிமீட்டர்தான். 2 அங்குலக் கப்ளர் (குண்டின்மேல் கவிழும் டிரெய்லரின் பூட்டு) சிறிய குண்டின்மேல் உட்காரும், பூட்டும் விழும், முதல் பெரிய மேட்டில் கழன்றும் விடும். குண்டின் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு மாட்ட வேண்டும். மாட்டிய பின் முன் ஜாக்கியை உயர்த்தி, காரின் பின்பகுதி ஓரிரு அங்குலம் கூடவே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழாமல் கப்ளர் மட்டும் மேலே வந்தால், அது நடந்தது நெடுஞ்சாலையில் அல்ல, நின்ற இடத்தில் என்பதற்கு மகிழ்ந்து, குண்டை மாற்றிக்கொள்ளலாம்.