இரண்டே பேர், ஒரு படகு, வழியெல்லாம் லாக்: நெல்லைத் தம்பதிகளுக்குக் கால்வாய்ப் பயண வழிகாட்டி

தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கிப் புன்னக்காயலில் கடல் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எதிலும் தண்ணீர் வழிந்து இறங்கிவிடும், படகு இறங்காது. படகையும் இறக்க வேண்டுமென்றால் அணைக்குப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி கட்டி, இரண்டு முனையிலும் கதவு வைக்க வேண்டும். படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, ஷட்டரைத் திறந்து தண்ணீரை ஏற்றினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். இதுதான் லாக். மடையில் ஷட்டர் திருகிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும்.

நமக்குப் பக்கத்தில் கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை நீர்வழி இருக்கிறது. 1993-ல் தேசிய நீர்வழி 3 என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கேரளத்து ஹவுஸ்போட்டில் ஓட்டுநரும் சமையல்காரரும் கூடவே வருவார்கள், நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர் படகை ஓட்டி, லாக்கைத் தாங்களே திறந்து மூடிப் போக வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற இடம் பிரிட்டன். பொழுதுபோக்குக்காக வாடகைப் படகு ஓட்ட அங்கே உரிமம் கேட்பதில்லை. படகு கொடுப்பவர்களே ஒன்றிரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தருவார்கள். பிள்ளைகளைப் பார்க்க மான்செஸ்டருக்கோ பர்மிங்காமுக்கோ போகிறவர்கள், அதில் ஒரு வாரத்தைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கால்வாய், எப்போது

முதல் பயணத்துக்கு லங்கோலன் கால்வாயைத்தான் சொல்வோம். விட்சர்ச் ஊரிலிருந்து லங்கோலன் வரை சுமார் 30 மைல். வழியில் நியூ மார்ட்டனில் இரண்டு லாக் மட்டுமே. போகவர நான்கு தடவை லாக் வேலை, கற்றுக்கொள்ள அது போதும். அதற்குப் பிறகும் ஆசை மிஞ்சினால் விட்சர்ச்சுக்குக் கீழே கிரிண்ட்லி புரூக்கில் ஆறு லாக் இருக்கின்றன. அவற்றில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிய படிக்கட்டு லாக், சீசனில் அங்கே லாக் காவலர் நின்று வழிகாட்டுவார். மான்செஸ்டரிலிருந்து வருகிறவர்கள் க்ரூவில் ரயில் மாறி விட்சர்ச் நிலையத்தில் இறங்கலாம். வேல்ஸில் மன்மத்ஷர்–பிரெக்கன் கால்வாயும் நல்லது, 35 மைலுக்கு ஆறே லாக். டிவைசஸ் ஊரில் இரண்டு மைலுக்குள் 29 லாக் உள்ள கேன் ஹில் பக்கம் முதல் வருஷமே போக வேண்டாம். இரண்டு பேருக்கு அது ஒரு முழுநாள் உழைப்பு.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பல லாக்குகளைப் பழுதுபார்க்க அடைத்துவிடுவார்கள். மே மாதத்து ராத்திரியும் நமக்குக் குளிர்தான். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு இரண்டும் வேண்டும்.

நேரத்தைக் கணக்கிட ஒரு வழி உண்டு. போக வேண்டிய மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி கிடைக்கும். 12 மைல், 6 லாக் என்றால் ஆறு மணி நேரம். புதியவர்கள் அதோடு ஒன்றரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல், கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர ஓட்டம் போதும். அதற்கு மேல் திட்டமிட்டால் அலுப்பில் தப்பு நடக்கும்.

படகு

இந்தப் படகை நேரோபோட் என்பார்கள். அகலம் 6 அடி 10 அங்குலம், அது நுழைய வேண்டிய குறுகிய லாக்கின் அகலம் 7 அடி. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம்தான் இடைவெளி என்பதை மனசில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இரண்டு பேருக்கு 45 அடி நீளம் தாராளம்.

சுக்கான் அமரத்தில், அதாவது பின்முனையில் இருக்கும். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். கார் மாதிரி மூக்கு மட்டும் திரும்பாது, படகு தன் நடுவை அச்சாக வைத்துச் சுற்றும். அணியம், அதாவது முன்முனை, ஒரு பக்கம் போக அமரம் மறுபக்கம் வீசும். கரையிலிருந்து கிளம்பும்போது அமரம் கரையில் இடிப்பது இதனால்தான். பிரேக் கிடையாது, நிறுத்த ரிவர்ஸ்தான் போட வேண்டும். ரிவர்ஸில் சுக்கான் அநேகமாகப் பேசாது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். ரோட்டில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம் கைக்கு இது முதல் நாள் தடுமாறும். கால்வாயின் நடுவில்தான் ஆழம், ஓரம் மேடு. தரைதட்டினால் முன்னால் முறுக்காதீர்கள், இன்னும் ஏறி உட்காரும். வந்த வழியே ரிவர்ஸ் எடுத்து, நீளக் கழியால் தரையை ஊன்றித் தள்ளுங்கள்.

லங்கோலன் கால்வாயில் மேலிருந்து கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீர் போகிற வழி அது. ஆகவே போகும்போது மெதுவாகும், திரும்பும்போது சீக்கிரம் வந்துவிடலாம். வழியில் போன்ட்கிசில்ட்டே மேல்கால்வாய் வரும். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805-ல் திறந்தது, 300 மீட்டருக்கு மேல் நீளம், டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டிக்குள் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. போட்டோ எடுக்கிறவர் படகின் உள்ளேயிருந்தே எடுக்கட்டும்.

லாக்கில் யார் என்ன செய்வது

பெரும்பாலான தம்பதிகள் ஆண் சுக்கானைப் பிடிக்க, பெண் இறங்கிக் கதவு தள்ளுகிறார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் பலம் உள்ளவர் கரையில் இருப்பதே சரி. சுக்கானுக்குக் கவனம் போதும், பலம் தேவையில்லை. இரண்டு பேரும் இரண்டு வேலையையும் முதல் இரண்டு நாளிலேயே மாற்றிச் செய்து பழகுங்கள். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர் கை கட்டி நிற்கக் கூடாது.

என்ஜின் சத்தத்தில் "ஏங்க, நிப்பாட்டுங்க!" என்று கத்தினாலும் கேட்காது. முதல் நாளே கைச்சைகை பேசி வையுங்கள். ஒரு கையைத் தூக்கினால் 'திறக்கலாம்', இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் 'எல்லா ஷட்டரையும் உடனே இறக்கு'. சைகை காட்டாமல் ஷட்டரைத் தொடக் கூடாது.

ஷட்டரைத் திருக விண்ட்லாஸ் என்ற வளைந்த இரும்புக் கைப்பிடி தருவார்கள். இரண்டு கேட்டு வாங்குங்கள், ஒன்று தண்ணீரில் விழும். திருகி முடித்ததும் பல்சக்கரத்தின் தடைக்கொக்கியைப் போட்டு, கைப்பிடியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியபடி விட்டால், கொக்கி நழுவும்போது அது சுழன்று பறந்து தாடையை உடைக்கும். சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி எதுவும் பல்சக்கரத்துக்கும் சுக்கான் தண்டுக்கும் பக்கத்தில் ஆகாது. சுடிதாருக்கோ பேண்டுக்கோ மாறி, பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். செருப்பு வழுக்கும்.

ஏறும்போது லாக் காலியாக இருக்க வேண்டும். நிறைந்திருந்தால் முதலில் மேலே எட்டிப் பாருங்கள். யாராவது இறங்க வந்துகொண்டிருந்தால் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஒரு லாக் ஒரு தடவை காலியானால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போகிறது. முறைத் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை அடைத்து, கீழ் ஷட்டர்கள் முழுக்க இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே இரண்டு வகை ஷட்டர் இருக்கலாம். ஒன்று கரையில் இருக்கும் தரை ஷட்டர், மற்றது கதவிலேயே பொருத்தியது. தரை ஷட்டரைத்தான் முதலில் திறக்க வேண்டும், அதுவும் பாதி. படகு முன்னும் பின்னும் இழுபடும், சுக்கான்காரர் கியரை மாற்றி மாற்றி நடுவில் நிறுத்துவார். அது அடங்கிய பிறகு முழுக்கத் திறக்கலாம். கதவு ஷட்டரின் துவாரம் தண்ணீருக்குள் முழுகிய பிறகே அதைத் தொடுங்கள். அவசரப்பட்டால் அருவி மாதிரி அணியத்தில் கொட்டிப் படகை நிரப்பிவிடும்.

இரண்டு பக்கமும் மட்டம் சமமானால்தான் கதவு அசையும். ஓர் அங்குல வித்தியாசமே ஓர் ஆள் பாரத்துக்கு மேல் கதவை அழுத்தும். முட்டித் தள்ளினால் இடுப்புதான் பிடிக்கும். காத்திருந்து, நீளமான மரக்கையில் முதுகைச் சாய்த்து, கீழே பதித்த செங்கல் வரியில் காலை ஊன்றி மெதுவாக நகருங்கள்.

இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மேல்கதவுக்கு உள்ளே தண்ணீருக்கடியில் ஒரு கல்வாசற்படி நீட்டிக்கொண்டிருக்கும், சில் என்பார்கள். லாக் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது முடியும் இடத்தைச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அமரம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் தண்ணீர் இறங்க இறங்கச் சுக்கான் படியில் உட்காரும், அணியம் மட்டும் தாழும், சில நிமிஷத்தில் படகு மூழ்கும். ஆகவே சுக்கான்காரர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கயிற்றை இறுகக் கட்டவே கூடாது, தண்ணீர் இறங்கினால் படகு கயிற்றில் தொங்கும். கட்டுத்தறியில் ஒரு சுற்றுப் போட்டு, கையால் விட்டுக்கொண்டே வரலாம். கையில் சுற்றாதீர்கள்.

படகு படியில் மாட்டிவிட்டால் கீழ் ஷட்டர்களை உடனே இறக்குங்கள். பிறகு மேல் ஷட்டரைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை ஏற்றினால் படகு மிதந்து விடுபடும். ஏறும்போது அணியம் கதவுக் கட்டைக்கு அடியில் சிக்கினால் இதற்கு எதிர்மாறு: மேல் ஷட்டரை மூடி, கீழ் ஷட்டரைத் திற. இந்த இரண்டையும் வீட்டிலேயே ஒப்பித்து வையுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. படகு சுவரில் இடிக்கப் போனால் காலையோ கையையோ குறுக்கே கொடுக்காதீர்கள். பத்து டன் இரும்பு அது, இடிக்கட்டும்.

ஆள் தண்ணீரில் விழுந்தால் உடனே நியூட்ரல். ரிவர்ஸ் போட்டால் புரொப்பெல்லர் இழுக்கும். கால்வாயில் பெரும்பாலும் இடுப்பளவுதான், எழுந்து நிற்கச் சொல்லுங்கள். லாக்குக்குள் என்றால் எல்லா ஷட்டரையும் மூடிவிட்டுக் கயிறு போடுங்கள்.

என்ஜினும் தினசரி வேலையும்

காலையில் கிளம்பும் முன் ஆயில் அளவு பாருங்கள். மாலையில் அமரத்தில் உள்ள கிரீஸ் திருகை இறுகும்வரை திருகுங்கள், இல்லையேல் புரொப்பெல்லர் தண்டு வழியாகத் தண்ணீர் கசியும். படகு திடீரென்று இழுவை குறைந்து, அதிர்ந்து, கரும்புகை விட்டால் புரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சுற்றியிருக்கிறது. என்ஜினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்ட பிறகே அமரத்து மூடியைத் திறந்து கையை விடுங்கள். வேலை முடிந்ததும் மூடியை முறுக்கி அடைக்க மறந்தால் என்ஜின் அறை நிரம்பிவிடும்.

தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை நிரப்புங்கள். கழிவறைக்கு வருவோம், நம்மவர்கள் கேட்கத் தயங்குவது இதைத்தான். கேசட் வகையில், அதாவது கழற்றிக் காலிசெய்யும் சின்னத் தொட்டியில், 20 லிட்டர் அளவில்தான் கொள்ளும், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். நம் வழக்கப்படி தண்ணீர் ஊற்றினால் ஒரே நாளில் நிரம்பும். ஒரு சின்னச் சொம்போடு நிறுத்துங்கள், அல்லது பெரிய தொட்டியுள்ள பம்ப்-அவுட் வகைப் படகாகக் கேட்டு வாங்குங்கள்.

சமையலுக்குக் கேஸ் அடுப்பு உண்டு. மின்சாரம் 12 வோல்ட், சின்ன இன்வெர்ட்டரில் மிக்ஸி ஓடாது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் ஊரிலேயே செய்து கொண்டுபோங்கள். பால், இறைச்சி சேர்ந்ததை விமான நிலையத்தில் விடமாட்டார்கள். மூன்று லிட்டர் குக்கரில் உளுந்தம்பருப்புச் சோறு ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும், எள்ளுத் துவையலையும் பொடியாகக் கொண்டுபோய்க் குழைத்துக்கொள்ளலாம். காற்றுத் துளைகளைக் குளிருக்காக அடைக்கவே அடைக்காதீர்கள். அடுப்பின் கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் கொல்லும்.

இரவில் நடைபாதைப் பக்கமே கட்டுங்கள், வளைவிலும் பாலத்துக்குப் பக்கத்திலும் லாக் வாசலிலும் வேண்டாம். முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்து, முன்னும் பின்னும் கயிறு போடுங்கள். முளைமேல் ஒரு வெள்ளைத் துணி கட்டிவிட்டால் இருட்டில் நடப்பவர் தடுக்கமாட்டார். படகை ஒப்படைக்கச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்றிருந்தால், வெள்ளி மாலையே அந்த இடத்துக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் வந்து கட்டி, கேசட்டைக் காலிசெய்து, இரண்டு விண்ட்லாஸையும் எண்ணி எடுத்து வையுங்கள்.