மைல்டு சிகார்னு வாங்கியும் தலை சுத்துதா?

மைல்டுங்கிறது டேஸ்ட்டுக்கு மட்டும்தாங்க, உடம்புக்கு இல்ல. புகைய உள்ள இழுக்கலேன்னாலும் நிகோடின் வாய் வழியாவே ஏறிடும், வாய் கேன்சர் ரிஸ்க்கும் இருக்கு. சில பெரிய சிகார்ல ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு உண்டான புகையிலை இருக்கும். அதனால இதுவரைக்கும் புகைக்காதவங்க இப்படியே போயிடுங்க, தெரிஞ்சேதான் ட்ரை பண்றேன்னு சொல்ற பெரியவங்களுக்குதான் மீதி.

எல்லாரும் பண்ற தப்பு, கலர வச்சு முடிவு பண்றது. மேல சுத்தியிருக்கிற இலை வெளிர் பழுப்பா இருந்தா மைல்டு, கருப்பா இருந்தா காட்டம்னு நெனச்சுக்கிறாங்க, ஆனா காரம் பெரும்பாலும் உள்ள சுருட்டி வச்சிருக்கிற இலைலதான், அதாவது ஃபில்லர்லதான் இருக்கு. செடியோட உச்சில வெயில் நல்லா வாங்கின இலைக்கு லிகேரோன்னு பேரு, அது அதிகமா இருந்தா மேல கனெக்டிகட் ஷேட்ங்கிற வெளிர் இலை சுத்தியிருந்தாலும் ஆளத் தூக்கிடும். கடைல கலர விட்டுட்டு உள்ள என்னன்னு கேளுங்க. டொமினிகன் ரிபப்ளிக்ல பண்ற மக்கனுடோ கஃபே மாதிரி ஐட்டம் நெஜமாவே சாஃப்ட்டு.

ஆனா அதையும் காட்டமாக்கறது நம்ம கைலதான் இருக்கு. சிகரெட் பழக்கத்துல சும்மா சும்மா இழுத்தா முனை சூடேறி கசக்க ஆரம்பிச்சிடும், உடனே சிகார் சரியில்லன்னு திட்டுவாங்க. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், புகைய வாயில வச்சு விட்டுடணும், நெஞ்சுக்கு இறக்கக் கூடாது. வெறும் வயித்துல வேணவே வேணாம். வேர்த்து குமட்டுச்சுன்னா கீழ வச்சிட்டு ஸ்வீட்டா ஏதாவது குடிங்க, வீம்புக்கு முடிக்காதீங்க. ஏழு இஞ்ச் நீள சர்ச்சில் சைஸெல்லாம் மொதல்ல எதுக்கு, பெட்டிட் கொரோனாங்கிற சின்ன சைஸே தாராளம்.

வெட்டறதுல அவசரப்படாதீங்க. வாய் வைக்கிற பக்கம் தொப்பி மாதிரி ஒரு சின்ன இலைத் துண்டு ஒட்டியிருக்கும், அதோட ஓரக்கோடு உத்துப் பார்த்தா தெரியும், அந்தக் கோட்டத் தாண்டாம ரெண்டு மில்லிமீட்டர் வெட்டினா போதும், தாண்டிட்டா மேல் இலை பிரிஞ்சு உதட்டுல ஒட்டும். பெட்ரோல் லைட்டர், மெழுகுவத்தி வேணாம், வாசனை ஏறிடும். தீய நேரா முட்ட விடாம கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு சுத்திக்கிட்டே பத்த வைங்க.

ஃப்ரிட்ஜ்ல வச்சா ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு யாரு கிளப்பி விட்டாங்களோ, அங்க காய்ஞ்சு போகும், குழம்பு வாடையும் சேரும். வெளிய சும்மா வச்சா சென்னை வெயிலுக்கு புகையிலை வண்டு பொரிச்சு ஓட்டை போட்டுடும். காத்து போகாத டப்பால ஈரப்பதத்த சமமா வச்சிக்கிற 65 பர்சன்ட் ஹ்யூமிடிட்டி பேக் ஒண்ணு போட்டு, வீட்லயே குளிர்ச்சியான இடமா பார்த்து வைங்க.

கடைசி மூணுல ஒரு பங்கு எப்பவும் காரமாதான் இருக்கும், காசு போச்சேன்னு விரல் சுடற வரைக்கும் இழுக்க வேணாம். சிகரெட் மாதிரி நசுக்கவும் கூடாது, ரூமே நாறிடும், ஆஷ்ட்ரேல சும்மா விட்டா அதுவா அணைஞ்சிடும்.