வன்னி வீதிகளுக்கு உயர்திறன் ரயர்: ஸ்போர்ட்ஸ் செடான் வைத்திருப்போருக்கான ஒப்பீட்டுச் செய்முறை

ஸ்போர்ட்ஸ் செடான் கார் வைத்திருப்பவர்கள் ரயர் மாற்ற வேண்டி வரும்போது, எந்தக் கம்பனியின் ரயர் நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதி பெரும்பாலும் நேராகவே செல்வதால், வளைவுகளில் கார் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்று பார்ப்பதற்கு அங்கே அதிக இடமில்லை. ஆனால், மாரிகாலத்து இரவில், நனைந்த காபெற் வீதியின் நடுவே படுத்திருக்கும் மாடுகளைக் கடைசி நேரத்தில் கண்டு பிரேக்கை முழுவதும் அழுத்த வேண்டிய நிலை, இவ்வீதியில் ஓடும் எவருக்கும் வரக்கூடும். ஆகவே ஈரத்தில் நிற்கும் திறனையும், கிரவல் வீதியின் குழிகளைத் தாங்கும் பக்கச்சுவரையும் முன்னே வைத்து, கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் கோடைக்கால ரயர்கள் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலைக்கென அமைத்த இறப்பர்க் கலவையைக் கொண்டவை. வவுனியாவில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் இல்லை என்பதால், அவை இங்கே ஆண்டு முழுவதும் பொருந்தும். பனிக்கும் சேர்த்து அமைக்கப்பட்ட ஓல் சீசன் ரயர்களை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். நம் வெயிலில் அவற்றின் கலவை இளகி, விரைவில் தேய்ந்துவிடும்.

படி 1: காருக்குரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் தாளில், காருக்குரிய ரயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். கைமாறி வந்த கார்களில் முன்னைய உரிமையாளர் வேறு அளவைப் பூட்டியிருக்கக்கூடும் என்பதால், தற்போது பூட்டியிருக்கும் ரயரை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வது போதாது.

பிஎம்டபிள்யூ 3 வரிசையின் எப்30 காரை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய அளவுகளில் ஒன்று 225/50 ஆர்17 94 டபிள்யூ. இதில் 225 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 50 சதவீதம் என்பதைக் குறிக்கும். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 94 என்ற எண் ஒரு ரயர் 670 கிலோகிராம் வரை சுமக்கும் என்பதையும், டபிள்யூ என்ற எழுத்து மணிக்கு 270 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பதையும் சொல்கின்றன. வி என்றால் 240, வை என்றால் 300.

நகரத்துக்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றர்தான் உச்ச வேகம் என்றிருக்கும் நாட்டில் 270 எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த எழுத்து, ரயர் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலையும் மறைமுகமாகக் காட்டுகிறது. பங்குனி, சித்திரை மாத மதியத்தில் காபெற் வீதி எவ்வளவு கொதிக்கும் என்பதை அறிந்தவர்கள் அதைக் குறைத்துக்கொள்ள விரும்பமாட்டார்கள். காருக்குக் குறிக்கப்பட்ட சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே ஒருபோதும் இறங்க வேண்டாம்.

படி 2: றிம் விட்டத்தைத் தீர்மானியுங்கள்

அழகுக்காக 18 அங்குல றிம்முக்கு மாறும் ஆசை பலருக்கு உண்டு. அதே காருக்கு 225/45 ஆர்18 அளவும் பொருந்தும். கணக்கிட்டுப் பார்த்தால், 17 அங்குலத்தில் முழுச் சில்லின் விட்டம் 656.8 மில்லிமீற்றர், 18 அங்குலத்தில் 659.7 மில்லிமீற்றர். வித்தியாசம் அரைச் சதவீதத்துக்கும் குறைவு என்பதால் வேகமானி குழம்பாது. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 112.5 மில்லிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 101 மில்லிமீற்றராகக் குறைகிறது. இந்த ஒரு சென்ரிமீற்றர் சொச்சம், ஏ9 இல் பெரிதாகத் தெரியாது. துணுக்காய்ப் பக்கமோ, குளக்கட்டு வீதிகளிலோ, மழையில் அரித்த மதகின் விளிம்பில் சில்லு விழும்போது, அதுதான் றிம் நெளிவதற்கும் நெளியாமல் தப்புவதற்கும் இடையிலுள்ள இடைவெளி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 225/45 ஆர்18 அளவில் சாதாரண ரயரின் சுமை எண் 91, அதாவது 615 கிலோகிராம்தான். எக்ஸ்எல் என்ற அடையாளமுள்ள, கூடுதல் சுமைக்கான ரயரை வாங்கினால் 95 ஆகி 690 கிலோகிராமைத் தாங்கும். எனவே 18 அங்குலத்துக்குப் போகிறவர் எக்ஸ்எல் வகையையே கேட்டு வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், வன்னிக்குள் ஓடும் காருக்கு 17 அங்குலமே போதும்.

இத்தகைய கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லு இருப்பதில்லை. அதற்குப் பதிலாக ரன்பிளற் ரயர்கள் பூட்டப்பட்டிருக்கும். இவை காற்று முழுவதும் இறங்கிய பின்னரும், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், பொதுவாக 80 கிலோமீற்றர் தூரம் வரை ஓடக்கூடியவை; மாங்குளத்தில் ஆணி ஏறினாலும் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வந்துசேரலாம். அவற்றின் பக்கச்சுவர் கடினமானது என்பதால், கிரவல் வீதியில் குலுக்கல் கூடும். சொகுசுக்காகச் சாதாரண ரயருக்கு மாறுவதாயின், ஸ்பெயார் சில்லு ஒன்றையோ, குறைந்தபட்சம் ஒட்டுச் சாமான்களையும் சிறிய காற்றுப் பம்பியையுமோ டிக்கியில் வைத்திருப்பதற்கான செலவையும் ஒப்பீட்டிலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஈரப் பிடிப்பு வகுப்பை ஒப்பிடுங்கள்

மற்றப் படிகளைவிட அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ரயர்களுக்கு ஓர் ஒட்டுத்தாள் கட்டாயம். 2021 மே 1 முதல் அதன் புதிய வடிவம் நடைமுறையில் உள்ளது. எரிபொருள் சிக்கனத்துக்கு ஒன்று, ஈரப் பிடிப்புக்கு ஒன்று என ஏ முதல் ஈ வரையான இரண்டு எழுத்துகளும், வெளிப்புற இரைச்சலின் டெசிபல் அளவும் அதில் இருக்கும். மூலையிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசியில் ஸ்கான் செய்தால், அந்த ரயருக்குரிய பதிவு திறக்கும்.

மழைத்துளிச் சின்னத்தின் கீழுள்ள ஈரப் பிடிப்பு எழுத்தை முதலில் பாருங்கள். நனைந்த வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து கார் நிற்க எடுக்கும் தூரத்தில், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே பொதுவாக 3 மீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு வரும். 3 மீற்றர் என்பது வீதிக்குக் குறுக்கே நிற்கும் ஒரு மாட்டின் நீளத்தைவிட அதிகம். ஆகவே இந்த எழுத்து ஏ ஆக இல்லாத எதையும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த வகைக் காரின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். எரிபொருள் எழுத்து சி ஆக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு: ஒரே பெயருள்ள ரயருக்கு எல்லா அளவிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டுமென்பதில்லை. இணையத்தில் யாரோ 19 அங்குலத்துக்குப் போட்ட படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் அளவுக்குரிய பதிவையே தேடுங்கள்.

இந்த எழுத்து புதிய ரயருக்கு உரியது. ரயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் தவாளிப்புகள் தேயத் தேய நீரை வெளியேற்றும் திறன் குறைந்துகொண்டே போகும். வீதியில் நீர் தேங்கி நிற்கும்போது, அகலமான ரயர் ஒடுக்கமான ரயரைவிட விரைவாக நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். தேவைக்கு மேல் அகலத்தைக் கூட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்டதைப் போல வெள்ளம் வீதியை மேவிப் பாயும்போது, எந்த எழுத்துள்ள ரயரும் உதவாது. காரைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

படி 4: தேய்மான எண்ணை அளவோடு நம்புங்கள்

பக்கச்சுவரில் ட்ரெட்வெயார் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இது அமெரிக்கத் தர முறையைச் சேர்ந்தது. 100 என்ற அடிப்படை ரயரோடு ஒப்பிட்டுத் தயாரிப்பாளரே இடும் எண். எனவே ஒரே கம்பனியின் இரண்டு ரயர்களை ஒப்பிடுவதற்கு அது உதவும். வெவ்வேறு கம்பனிகளுக்கிடையே அதை வைத்துச் சண்டைபிடிப்பதில் பயனில்லை. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300 என்ற எண்ணைக் கொண்டது. யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 போன்ற, ஓட்டத்திடலுக்கு நெருக்கமான ரயர்கள் 200 என்ற எண்ணோடு வரும். அவை உலர்ந்த வீதியில் அபாரமாகப் பிடிக்கும், ஆனால் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தினமும் ஓடுபவருக்கு அவை வீண்செலவு.

படி 5: இப்போது பெயர்களுக்கு வாருங்கள்

மேலுள்ள படிகளைத் தாண்டி மூன்று, நான்கு ரயர்களே மிஞ்சியிருக்கும். ஜேர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசியும் ஓட்டோ பில்ட் சஞ்சிகையும் நடத்தும் சோதனைகளில் அவற்றைத் தேடுங்கள். ஒட்டுமொத்தத் தரவரிசையை விட்டுவிட்டு, ஈரத்தில் பிரேக் பிடித்த தூரம், நீரில் மிதக்கத் தொடங்கிய வேகம், தேய்மானம் ஆகிய மூன்று வரிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டத்திடலைச் சுற்றிவர எடுத்த நேரம் நமக்கு எதற்கு?

பொதுவாகச் சொல்வதானால், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் பிரேக்கிலும் ஸ்டியரிங் உணர்விலும் முன்னணியில் நிற்கும்; தேய்மானத்தில் பின்தங்கும். 2022 இல் வந்த மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 5 நீண்டகாலம் உழைப்பதில் பெயர் பெற்றது. குட்இயர் ஈகிள் எப்1 அசிமெற்றிக் 6 எதிலும் பெரிதாகக் குறை வைக்காத வகை. கொன்டினென்டலில், ஸ்போர்ட்கொன்டாக்ட் 7 வேகத்தை விரும்புபவருக்கும், பிரீமியம்கொன்டாக்ட் 7 சொகுசோடு ஈரப் பிடிப்பையும் கேட்பவருக்கும் உரியவை. வன்னியில் பெரும்பாலானோருக்கு இந்தக் கடைசி வகையே அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதை ஏற்பது கடினம் என்பதும் தெரியும்.

படி 6: பூட்டுவதற்கு முன் திகதியைப் பாருங்கள்

இந்த அளவுகள் அதிகம் விலைப்படாதவை என்பதால், கடையில் இருப்பது பழைய சரக்காக இருக்கலாம். டிஓடி என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். முழுக் குறியீடு பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். உட்பக்கம், வெளிப்பக்கம் என்று பிரித்து அமைத்த ரயர்களில் அது காரின் அடிப்பக்கமாகப் போய்விடக்கூடும். பிறகு பார்ப்பதற்கு நிலத்தில் படுத்து ரோர்ச் அடிக்க வேண்டியிருக்கும். ஆகவே நான்கு ரயர்களையும் உருட்டிப் பார்த்த பின்னரே பூட்டச் சொல்லுங்கள். இரண்டு மட்டும் வாங்குவதாயின், புதியவை பின்சில்லுகளுக்கே போக வேண்டும். பலன்ஸ் செய்து, வீல் அலைன்மென்ற்றும் பார்த்துவிடுங்கள்.

படி 7: காற்றும் ஆழமும்

காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். வெப்பநிலை 10 பாகை கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ கூடும். வெயிலில் ஓடிவந்து முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அளந்தால், எண் கூடுதலாகவே காட்டும். அப்போது காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை அழுத்தம் தேவைக்குக் குறைவாக இருக்கும்.

புதிய ரயரின் தவாளிப்பு 7 முதல் 8 மில்லிமீற்றர் வரை ஆழமானது. தவாளிப்புக்குள் இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றரைக் காட்டும். அந்த மேடு வெளித்தெரியும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் ஆழத்தை அளந்து, 3 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திருந்தால், கொழும்பிலிருந்து வருவிக்கும் நாட்களையும் கணக்கில் வைத்து, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே கடைக்குச் சொல்லிவிடுங்கள்.