பிரெஞ்சு பழக மொன்றியல் வேண்டாம்

பிரெஞ்சு பேசிப் பழகவென்றே கனடாவுக்குப் போகிறீர்களா? மொன்றியலை விட்டுவிட்டு கியூபெக் நகரத்தில் அறை எடுங்கள். மொன்றியலில், அதுவும் நகர மையத்தில், நீங்கள் கொஞ்சம் தடுமாறினாலே கடைக்காரர் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். நல்ல மனசுதான், ஆனால் உங்கள் பாடம் அங்கேயே முடிந்தது. கியூபெக் நகரத்தில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்குப் பிரெஞ்சுதான் தாய்மொழி. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பழைய நகரத்தைத் தாண்டிவிட்டால் ஆங்கிலத்தில் ஒதுங்க இடம் கிடைப்பது கஷ்டம்.

பிரெஞ்சே தெரியாமல் போய் உடனே வேலை தேட வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது, அவர்களுக்கு மொன்றியல்தான். அங்கேயும் ஆங்கிலம் அதிகம் புழங்கும் மேற்குப் பக்கம் போகாமல் கிழக்கே ரோஸ்மோன், ஓஷலாகா பகுதிகளில் வீடு பாருங்கள். அப்புறம், பிரான்சில் குடியேறும் எண்ணம் இருந்தால் இந்த இரண்டு நகரங்களும் இருக்கும் கியூபெக் மாகாணமே வேண்டாம், அங்கே பேச்சுவழக்கு நிறையவே வேறு.