பிள்ளைகளுக்கு தேன் பெட்டிய எப்படி காட்டுறது

மார்த்தாண்டம் பக்கம் இருக்கவங்க தேனீ பத்தி சொல்லிக்குடுக்க யூடியூப் தேட வேண்டாம், தெரிஞ்சவங்க ரப்பர் தோட்டத்துல பெட்டி இருந்தா கேட்டுட்டு பிள்ளைகள நேரா கூட்டிட்டு போங்க. ஜனவரிலருந்து மார்ச் வரைக்கும்தான் சீசன். ரப்பர் தேன் பூவுலருந்து வருதுன்னு பெரியவங்களே நெனைக்காங்க, அப்படி இல்ல, மூணு எலை சேருற காம்பு நுனியில சுரக்கும், ஒரு எலைய கையில குடுத்து அத காட்டுங்க.

காலைல வெயில் ஏறின பிறகு போங்க. சென்ட் வேண்டாம், கறுப்பு சட்டை வேண்டாம், பெட்டி வாசலுக்கு நேரா நிக்காம சைடுல நிக்கணும்.

ராணிலருந்து ஆரம்பிக்காதீங்க. ராணின்னு சொன்னா எல்லாருக்கும் ஆர்டர் போடும்னு பிள்ளைகளுக்கு தோணிரும், அதுக்கு வேலை முட்டை போடுறது, அதோட வாசனை கூட்டுல இருக்கவரைக்கும் மத்த ஈ எல்லாம் அடங்கி இருக்கும், அவ்வளவுதான். அதனால வாசல்லருந்து தொடங்குங்க. கால்ல மஞ்ச உருண்டையோட வந்து எறங்குறது மகரந்தம் கொண்டு வருது, வர்றவன மோந்து பாக்குறது காவல், நின்ன எடத்துலயே ரெக்க அடிக்கிறது உள்ள காத்து விடுது. குஞ்சு இருக்க எடத்துல 34, 35 டிகிரிக்கு மேல சூடு ஏறக்கூடாதுல்லா, அதுக்குத்தான். நம்ம நாட்டு ஈ தலைய வெளிய பாத்து வச்சு விசிறும், இத்தாலியன் ஈ வாசல பாத்து வச்சு விசிறும், பிள்ளைகள்ட்ட மொதல்ல நீயே பாத்து சொல்லு மக்களேன்னு விட்டிருங்க.

அடுத்து கேப்பாங்க, வேலைய யாரு பிரிச்சு குடுக்கான்னு. யாரும் இல்ல, வயசுதான். பொறந்ததும் அறை சுத்தம் பண்ணும், பிறகு புழுவுக்கு ஊட்டும், மெழுகு விட்டு அடை கட்டும், காவல் நிக்கும், கடைசிலதான் வெளிய போவும், ஆபத்தான வேலை கிழவிகளுக்குத்தான். ஆமா, வேலைக்காரி எல்லாமே பொண்ணுதான், ஆண் ஈக்கு கொடுக்கே கெடையாது.

பூ இருக்க எடத்த டான்ஸ் ஆடி சொல்லும், இத கண்டுபிடிச்ச கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973ல நோபல் கெடைச்சுது. வாலை ஆட்டி ஓடுற திசை சூரியன வச்சு வழிய காட்டும், ஓடுற நேரம் தூரத்த காட்டும். வீட்டு முத்தத்துல ஒரு பிள்ளைய ஆட வச்சு மத்தவங்கள மிட்டாய் தேட விடுங்க, சட்டுனு புரிஞ்சிரும்.

பெட்டி திறக்கணும்னா வளக்கிறவங்கதான் கதம்பல், அதாவது தேங்கா மட்டை, புகை போட்டு திறக்கணும், நீங்க தொடாதீங்க. கொட்டிட்டா கொடுக்க நகத்தால உடனே சுரண்டி எடுத்துட்டு அங்கருந்து தள்ளி வந்திருங்க, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரா ஆஸ்பத்திரிதான்.