வில்லெம்ஸ்டாட் துறைமுக வீடுகளைப் பீங்கான் ஓடுகளில் தீட்டும் முறை

வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே, கரீபியக் கடலின் தென்பகுதியில் அமைந்துள்ள குராசோ தீவை டச்சுக்காரர்கள் 1634-ஆம் ஆண்டில் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அங்கே சின்ட் அன்னா என்னும் குறுகிய நீர்வாயின் இரு கரைகளிலும் வளர்ந்த நகரமே வில்லெம்ஸ்டாட். அதன் கிழக்குக் கரையில் உள்ள பழைய நகர்ப்பகுதி புண்டா என்றும், எதிரே மேற்குக் கரையில் உள்ளது ஒட்ரோபாண்டா என்றும் அழைக்கப்படுகின்றன. புண்டாவின் நீர்முகப்பில் இடைவெளியின்றி நிற்கும் வணிகர் வீடுகளின் வரிசைக்கு ஹாண்டல்ஸ்காடே என்று பெயர். நகரின் பழைய பகுதியும் துறைமுகமும் 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்த வீட்டு வரிசையை இருபத்து நான்கு ஓடுகள் கொண்ட ஒரே சுவர்ச் சித்திரமாகச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

சூளையில் உருகிக் கண்ணாடிபோல் இறுகும், வெள்ளீய ஆக்சைடு கலந்த வெண்பூச்சின்மீது, அது சுடப்படுவதற்கு முன்பே வண்ணம் தீட்டும் முறையையே பரிந்துரைக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் உள்ளிட்ட டச்சு நகரங்களின் பட்டறைகள் இந்த முறையில்தான் சுவர் ஓடுகளைச் செய்தன; ஆகவே டச்சு முகடுகள் (வீட்டு முகப்பின் உச்சியில் கூரையோடு எழும் சுவர்கள்) கொண்ட ஒரு துறைமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. கடையில் கிடைக்கும் பளபளப்பான வெள்ளை ஓட்டின்மேல் வண்ணம் தீட்டி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சுடுவது எளிய வழிதான் என்றாலும், அங்கே நிறம் மேற்பரப்பில் படலமாக ஒட்டியிருக்குமே தவிர உள்ளே இறங்காது. சுடாத வெண்பூச்சின்மீது தீட்டிய நிறமோ, பூச்சு உருகும்போது அதனோடு கலந்து, விளிம்பு சற்றே இளகி, சுண்ணாம்புச் சுவரில் ஊறிய சாயத்தின் தன்மையைப் பெறுகிறது. இந்த நகரத்தின் சுவர்களுக்கு வேண்டியது அந்தத் தன்மைதான்.

வண்ணங்களை எடுப்பதற்கு முன் முகடுகளின் கோட்டினை முடிவு செய்ய வேண்டும். வில்லெம்ஸ்டாட் என்றதும் எல்லோரும் மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என நிறங்களைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நிறங்களை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த நகரத்தை அடையாளம் காட்டுவது முகடுகளின் கோடுதான். ஒரு முகடு படிப்படியாக வளைந்து ஏறும், அடுத்தது நேர்கோட்டு முக்கோணமாக நிற்கும், அதற்கடுத்த வீடு சற்றுத் தாழ்ந்து செங்கூரையைக் காட்டும். எல்லா வீடுகளையும் ஒரே அகலத்திலும் ஒரே உயரத்திலும் வரைந்துவிட்டால் எவ்வளவு அழகான நிறம் கொடுத்தாலும் அது எந்த ஊராகவும் இருக்கலாம்.

பார்வையை ஒட்ரோபாண்டாவின் கரையில் நிறுத்துங்கள். அங்கிருந்து கிழக்கு நோக்கிப் பார்க்கும்போது வரிசையின் வலது முனையில், மஞ்சள் சுவரும் வெண்ணிறப் புடைப்பு அலங்காரங்களும் கொண்ட பென்ஹா கட்டடம் நிற்கிறது. 1708-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கட்டடமே சித்திரத்தின் நங்கூரம். அதன் அருகில்தான் எம்மா அரசி பாலம் கரையைத் தொடுகிறது. மிதவைகளின்மேல் அமைந்த இந்தப் பாலம் 1888-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது பாலம் முழுவதும் ஒரு முனையை மையமாகக் கொண்டு சுழன்று வழிவிடும். வீடுகளின் முகப்பு மேற்கு நோக்கியிருப்பதால் பிற்பகல் வெயில்தான் அவற்றின்மேல் முழுமையாக விழுகிறது. ஆகவே சித்திரத்தின் நேரமும் பிற்பகலாக இருக்கட்டும். சன்னல்களின் மேல்விளிம்பு நிழலும் கூரைத் தாழ்வார நிழலும் சுவரில் கீழ்நோக்கி விழ வேண்டும்.

இப்போது அளவுகள். ஒருமுறை சுட்ட, பூச்சில்லாத 15 சென்டிமீட்டர் சதுர ஓடுகளை நீளவாக்கில் ஆறும் உயரவாக்கில் நான்குமாக அடுக்கி, இடையில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், 91 சென்டிமீட்டர் அகலமும் 60.6 சென்டிமீட்டர் உயரமும் கிடைக்கும். இந்த இடைவெளிகள் சித்திரத்தின் குறுக்கே ஓடப்போகும் கோடுகள் என்பதை மறந்தவர்களின் படைப்பில்தான் முகட்டின் நுனி வெட்டுப்பட்டு நிற்கும். நீர்மட்டக் கோட்டை இரு ஓட்டு வரிசைகளின் இணைப்பில் வைக்கக் கூடாது. மேலிருந்து மூன்றாவது வரிசையின் அடிவிளிம்புக்கு 4 சென்டிமீட்டர் மேலே வையுங்கள். மிக உயர்ந்த முகட்டை நீர்மட்டத்திலிருந்து 32 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரைந்தால் அதன் நுனி முதல் வரிசைக்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி முடியும். அதற்கு மேல் வானத்துக்குப் போதிய இடம் இருக்கும். வீடுகளின் அகலத்தை 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை மாற்றி மாற்றி அமைத்து, சன்னல் எதுவும் இணைப்பில் பிளவுபடாதபடி நகர்த்துங்கள். இரு வீடுகளுக்கு இடையிலான எல்லை இணைப்பின்மேல் விழுவதில் மட்டும் தவறில்லை; அது கோட்டுக்கு வலுச் சேர்க்கும்.

இந்த வரைபடத்தை முழு அளவில் ஒரு தாளில் வரையுங்கள். ஓடுகள் ஏற்கெனவே சுடப்பட்டவை என்பதால், முந்தைய சூட்டைத் தாண்டாத வரையில் மேலும் சுருங்கமாட்டா. கணக்கில் கூட்டிக் கழிக்கத் தேவையில்லை. கோடுகளின்மீது ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அந்தத் தாளைப் பூசிய ஓட்டின்மேல் வைத்து, மெல்லிய துணியில் முடிந்த கரித்தூளைத் தட்டினால் புள்ளிகளாகக் கோடு இறங்கும். டச்சுப் பட்டறைகள் கையாண்ட இந்த வழியை மிஞ்சிய ஒன்று இன்றுவரை வரவில்லை. கரித்தூள் சூளையில் எரிந்து தடமின்றிப் போய்விடும்.

பூசும் முன் ஒவ்வோர் ஓட்டின் பின்புறத்திலும் வரிசை எண்ணை இரும்பு ஆக்சைடு கரைசலால் எழுதுங்கள். பேனா மை எரிந்துவிடும். பிறகு ஈரப் பஞ்சால் ஓட்டின் தூசியைத் துடைத்து, கெட்டி மோரின் பதத்தில் கரைத்த வெண்பூச்சில் முகப்பை இரண்டு மூன்று வினாடிகள் தோய்த்து எடுங்கள். உலர்ந்த பூச்சு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். மெலிந்தால் ஓட்டின் மண்நிறம் எட்டிப் பார்க்கும். தடித்தால் நிறங்கள் வழியும். பூச்சில் சிறிது கோந்துக் கரைசலைச் சேர்ப்பது, தூரிகை உராயும்போது அது பெயராமல் காக்கும். ஓரங்களையும் பின்புறத்தையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஈயம் சேர்ந்த பூச்சுகளை அறவே தவிர்க்க வேண்டும். உலர்ந்த பொடிகளைக் கையாளும்போது தூசியைத் தடுக்கும் முகக்கவசம் கட்டாயம் அணிய வேண்டும்.

தீட்டும்போது தயங்கக் கூடாது. சுடாத பூச்சு தூரிகையின் நீரை உடனே உறிஞ்சிக்கொள்வதால், தொட்ட கோடு தொட்டதுதான். அழித்து எழுத வழியில்லை. எனவே வேறோர் ஓட்டில் கையைப் பழக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. முதலில் மெல்லிய நீண்ட தூரிகையால் முகடுகள், சன்னல்கள், படிகள் ஆகியவற்றின் எல்லைக் கோடுகளை வரைய வேண்டும். இதற்குக் கறுப்பைவிட மாங்கனீசு தரும் கருஞ்செம்பழுப்பு சிறந்தது; வெயில் நிறைந்த காட்சியில் கறுங்கோடு சுவர்களைக் கனக்கச் செய்துவிடும்.

சுவர் நிறங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளுநர் ஆல்பெர்ட் கிக்கெர்ட், வெண்சுவர்களில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணுக்குத் தீங்கு செய்கிறது என்று கூறி, வீடுகளுக்கு வெள்ளையல்லாத நிறம் பூச வேண்டும் என 1817-இல் ஆணையிட்டார். ஆகவே சித்திரத்தில் தூய வெள்ளை நிறம் சுவர்களுக்கு உரியதன்று. சன்னல் சட்டங்கள், முகட்டு விளிம்புகள், புடைப்பு அலங்காரங்கள் ஆகியவற்றுக்கே உரியது. அந்த இடங்களில் நிறம் தீட்டாமல் பூச்சின் வெண்மையை அப்படியே விட்டுவிடுங்கள். பென்ஹா கட்டடத்துக்குச் சூளையில் நிலைக்கும் மஞ்சள் நிறமியை வாங்கிப் பயன்படுத்தலாம். காவி மஞ்சளுக்கு இரும்பு ஆக்சைடு உதவும். கூரை ஓடுகளுக்கு அதே மஞ்சளில் இரும்பைக் கலந்து செம்மஞ்சளாக்குங்கள். நீலத்துக்குக் கோபால்ட் போதும். ஆனால் அது மிக வலிமையானது, நீரில் நன்கு கரைத்து மெல்லிய பூச்சாகவே இட வேண்டும். பச்சைக்குச் செம்பு ஆக்சைடைத் தேர்ந்தெடுங்கள். குரோமியப் பச்சையைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சூட்டில் குரோமியத்தின் ஆவி பரவி, வெள்ளீயப் பூச்சில் படிந்து, பக்கத்து ஓட்டின் வெண்மையையும் இளஞ்சிவப்பாக்கிவிடும். அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு ஒரே அழுத்தமுள்ள நிறங்களைக் கொடுக்காதீர்கள். அழுத்தமான நீலத்துக்குப் பக்கத்தில் வெளிறிய மணல் நிறம் வந்தால்தான் இரண்டும் துலங்கும்.

நீருக்குக் கோபால்டையும் செம்பையும் கலந்து, அகலத் தூரிகையால் கிடைக்கோடுகளாக மட்டும் இழுங்கள். குராசோவில் வணிகக் காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசுகிறது; அதாவது வீடுகளின் பின்புறத்திலிருந்து பார்ப்பவரை நோக்கி. ஆகவே சுவர்களை ஒட்டிய நீரில் பிம்பம் ஓரளவு தெளிவாகவும், முன்னால் வர வர உடைந்தும் தெரிவது பொருந்தும். கட்டடங்களின் பிம்பத்தை முழுமையாக வரைய வேண்டாம். ஒவ்வொரு வீட்டின் நிறத்தையும் அதன் கீழே சில கோடுகளாக விட்டால் போதும்.

நாற்புறமும் ஓர் ஓர வரிசை சேர்க்க விரும்புவோருக்கு டச்சு ஓடுகளின் மரபு வழிகாட்டும்: ஒவ்வோர் ஓட்டின் மூலையிலும் கால்பங்கு மலரை வரைந்தால், நான்கு ஓடுகள் கூடும் இடத்தில் முழு மலரும், ஒற்றை ஓர வரிசையில் இரண்டு ஓடுகள் கூடும் இடத்தில் அரை மலரும் உருவாகும். காற்றுக்கு வளைந்து நிற்கும் திவி-திவி மரமும் நெடிய கள்ளிச் செடியும் தீவின் அடையாளங்கள் என்பதால் அவற்றையும் ஓரத்தில் வரையலாம். அந்த ஓரத்தில் 1795 என்ற ஆண்டையும் நான் எழுதுவேன். இந்தத் துறைமுகம் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் அடிமை வணிகத்தில் முக்கிய இடம் வகித்தது. அந்த ஆண்டில்தான் துலா என்பவரின் தலைமையில் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் குராசோவில் கிளர்ந்தெழுந்தார்கள். வண்ண முகப்புகளை மட்டும் கொண்டாடி இதை விட்டுவிடுவது நேர்மையான சித்திரமாகாது.

தீட்டிய ஓடுகளை ஒருநாள் முழுவதும் உலரவிட்டு, சூளையில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். பெரும்பாலான வெள்ளீயப் பூச்சுகள் 1000 முதல் 1045 டிகிரி செல்சியஸுக்குள் முதிர்கின்றன. வாங்கிய பூச்சின் குறிப்பைப் பார்த்து முடிவு செய்து, எல்லா நிறங்களையும் கொண்ட ஒரு சோதனை ஓட்டை முதலில் சுட்டுப் பாருங்கள். சூளை காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்க வேண்டும். தட்டையான ஓடுகள் சீரற்ற சூட்டால் எளிதில் விரிசல் விடும். குறிப்பாக 573 டிகிரியை ஒட்டிக் களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று பருமன் மாறுவதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்கவிடுங்கள். உள்சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

பதிக்கும் நாளில், ஓடுகளை எண்வரிசைப்படி முதலில் தரையில் பரப்பி, முகட்டுக் கோடு தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள்; சிறு பிசகுகளை ஓட்டைச் சற்று நகர்த்தியே சரிசெய்யலாம். சிமெண்ட் பலகையில் டைல் பசையைப் பல்வெட்டுக் கரண்டியால் பரப்பி, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒட்டி, 2 மில்லிமீட்டர் ஸ்பேசர்களை இடுங்கள். இணைப்புகளை நிரப்பத் தூய வெள்ளை கிரவுட் வேண்டாம். அது சித்திரத்தின்மேல் கம்பி வலை போட்டதுபோல் தெரியும். வெளிர்மணல் நிறம் சுவர்களோடும் நீரோடும் இணங்கிப் போகும். பலகையோடு சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை வரும் என்பதால், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாமல், நான்கு மூலைகளிலும் திருகாணியும் ரால் பிளக்கும் இட்டுப் பொருத்துங்கள்.