கூரைக்குள் மரநாய் குடியேறிவிட்டதா? அடிக்காமல் வெளியே அனுப்பும் வழி

ஊர் அடங்கிய பிறகு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் யாரோ நடக்கிற மாதிரி சத்தம், காலையில் மொட்டை மாடியில் ஒரே மூலையில் பப்பாளி விதையும் சப்போட்டா கொட்டையுமாகக் கிடக்கிற எச்சம். இரண்டும் சேர்ந்து இருந்தால் எலியைச் சந்தேகப்படாதீர்கள், அநேகமாக மரநாய்தான். பூனை அளவு, கறுத்த முகம், உடம்பு நீளத்துக்கு வால், இரண்டிலிருந்து ஐந்து கிலோ எடை. சென்னையில் கிண்டி, அடையாறு மாதிரி மரம் அடர்ந்த பகுதிகளிலும், குமரி மாவட்டத்து ஓட்டு வீடுகளிலும் இது சகஜம்.

பகல் முழுக்கத் தூங்கிவிட்டு இருட்டியதும் இரை தேடிப் போகும், விடிவதற்குள் திரும்பிவிடும். நாம் செய்யப்போகிற எல்லாமே இந்த நேரக்கணக்கை வைத்துத்தான்.

முதலில் செய்யக் கூடாதது. விஷம், கண்ணி, கூண்டு மூன்றும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் விஷம் வைப்பதும்கூட அதில் அடக்கம். சட்டத்தை விடுங்கள், விஷம் தின்றது சீலிங்குக்குள்ளேயே செத்துக் கிடந்தால் நாற்றம் தாங்காமல் பலகையை நீங்கள்தான் பிரிக்க வேண்டிவரும். கூண்டில் பிடித்து ஏரிக்கரையில் விட்டால் மட்டும் என்ன, ஓட்டை அப்படியேதான் இருக்கும், அடுத்தது வந்து உட்காரும்.

சரி, வேலைக்கு வருவோம். எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படுகிற இடங்களில், அதாவது சன்ஷேட் மேல், ஓடு விலகிய இடத்தில், ஏசி குழாய் நுழைகிற ஓட்டை ஓரத்தில், சாயங்காலமே கோலமாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் தெரியும். பூனைத் தடத்தில் நாலு விரல்தான் பதியும். மரநாய்க்கு ஐந்து, பல நேரம் உள்ளங்காலும் சேர்ந்து நீளவாக்கில் பதிந்திருக்கும். சுவரில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி அழுக்கு ஏறியிருந்தால் அதுதான் ஏறி இறங்குகிற பாதை. ஒரு வழியைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் இரண்டாவது ஒன்றும் இருக்கும்.

அடுத்தது குட்டி இருக்கிறதா என்பது. இதில் அவசரம் கூடவே கூடாது. பகலில் சீலிங்குக்குக் கீழே நின்று காதுகொடுங்கள். மெல்லிசாகக் கீச்சுக் குரல் கேட்டால் குட்டி போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஓட்டையை அடைத்தால் உள்ளே குட்டிகள் சாகும், வெளியே இருக்கும் தாய் உள்ளே வரக் கூரை ஓடுகளைப் பிரித்துப் போடும். குட்டிகள் தாயோடு வெளியே போக ஆரம்பிக்க இரண்டு மாதம் போல ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். கஷ்டம்தான், ஆனால் வேறு குறுக்கு வழி கிடையாது.

காத்திருக்கும் நாட்களில் சாப்பாட்டை நிறுத்துங்கள். பழுத்த பப்பாளி, கொய்யாவை மரத்திலேயே விட்டுவைக்காதீர்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், தெருப்பூனைக்கு வைக்கிற சோற்றை இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். கூரையைத் தொடுகிற கிளைகளை ஆறடியாவது இடைவெளி விட்டு வெட்டுங்கள். தென்னையில் எலிக்குத் தகரம் சுற்றுவோமே, அதையே கொஞ்சம் அகலமாகச் சுற்றினால் இதுவும் ஏறாது. (இந்தோனேசியாவில் இது தின்று கழிக்கிற காப்பிக்கொட்டையைக் கழுவி வறுத்துக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். நம் மாடியில் கிடப்பதற்கு அந்த யோகம் இல்லை.)

குட்டி இல்லை என்று உறுதியானதும் முக்கிய வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா ஓட்டைகளையும் பகலிலேயே அடையுங்கள். அப்புறம் அந்த முக்கிய வழியில் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகுங்கள். உள்ளே ஆள் இருந்தால் ராத்திரி அதைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். தாள் கீழே கிடந்தால் மறுபடி செருகுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி அசையாமல் இருந்தால் வீடு காலி, உடனே அடைத்துவிடலாம். தானாகக் காலி செய்யாவிட்டால் பகலில் சீலிங்குக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, பக்கத்தில் ரேடியோவைப் பாடவிடுங்கள், தூக்கம் கெட்டால் பெரும்பாலும் இடம் மாற்றிக்கொள்ளும்.

அடைக்கக் கோழிவலை வாங்காதீர்கள், பிய்த்துவிடும். ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்கி, நாலு பக்கமும் திருகாணி போட்டு முடுக்குங்கள்.

சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுங்கள். ஒயர்களையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

எப்போதாவது அறைக்குள்ளேயே வந்துவிட்டால் மூலைக்குத் துரத்தாதீர்கள். மற்ற அறைகளுக்குப் போகிற கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு நகருங்கள், தானே போய்விடும். போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்; காயம் சின்னதுதானே என்று மஞ்சள் பூசி உட்கார்ந்துவிட வேண்டாம்.